காற்று விட்டுவைத்த ஒன்பது கோபுரங்கள்: கின்ஸுவா ரயில் பாலத்தின் கதை

ரயில் ஓடாமல் போன ஒரு பாலத்தை என்ன செய்வது என்று கேட்டால் வழக்கமாக இரண்டு யோசனைதான் வரும். பிரித்து இரும்பை விற்றுவிடலாம். இல்லையென்றால் பழுது பார்த்து, மக்கள் நடந்து போக விடலாம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், மவுண்ட் ஜூவெட் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருக்கிற கின்ஸுவா பாலம் இரண்டு கட்டத்தையும் பார்த்தது. பழைய இரும்புக்கென்று விலைபோய், வாங்கியவரின் மனசால் தப்பியது. பழுது பார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோதே பாதிக்கு மேல் சரிந்தது. விழுந்ததை அள்ளாமல், நின்றதை வீணாக்காமல் அந்த மாநிலம் பிறகு செய்த ஏற்பாடுதான் இந்த ஆய்வுக்குக் காரணம்.

முதலில் இது எப்படிப்பட்ட பாலம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பள்ளத்தாக்கு முழுவதையும் தாண்ட, வரிசையாகக் கால்களை நட்டு, மேலே தண்டவாளத்தைக் கொண்டுபோகிற பாலத்தை வயடக்ட் என்பார்கள். கீழே ஓடும் கின்ஸுவா ஓடை சின்னதுதான். அதைத் தாண்ட மட்டும் என்றால் சின்னப் பாலம் போதும். பள்ளம்தான் ஆழமானது, அகலமானது.

சுற்றிப் போகாமல் நேராக

1880களின் தொடக்கத்தில் அந்த வட்டாரத்தில் எண்ணெய், மரம், நிலக்கரி மூன்றுக்கும் நல்ல கிராக்கி. பிராட்ஃபோர்டு எண்ணெய்க் கிணறுகள் கொழித்துக்கொண்டிருந்த காலம். தெற்கே இருந்த நிலக்கரி வயல்களை எட்டுவதற்கு எரீ ரயில்வேயின் கிளைப்பாதை ஒன்றைப் போடும் பொறுப்பு தாமஸ் கேன் என்பவரிடம் இருந்தது. உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் ஜெனரலாக இருந்தவர். பக்கத்தில் உள்ள கேன் என்ற ஊரே அவர் நிறுவியதுதான். வழியில் இந்தப் பள்ளத்தாக்கு குறுக்கிட்டது. சுற்றிப் போகலாம், ஆனால் கரடுமுரடான மலையில் கூடுதலாக 8 மைல் பாதை போட வேண்டும். நேராகவே தாண்டிவிடுவோம் என்று முடிவானது.

வடிவமைப்பில் முக்கியமானவர்கள் இருவர்: ஃபீனிக்ஸ் பாலத் தொழிற்சாலையைச் சேர்ந்த அடால்ஃபஸ் பொன்ஸானோ, எரீ ரயில்வேயின் தலைமைப் பொறியாளர் ஆக்டேவ் ஷனூட். பக்கத்து மலைச்சரிவிலேயே மணற்கல் வெட்டி அடிமேடைகளைக் கட்டினார்கள். அவற்றின்மேல் தேனிரும்பால் (அடித்துப் பதப்படுத்திய இரும்பால்) ஆன 20 கோபுரங்கள். கோபுரத்தின் கால்கள் ஃபீனிக்ஸ் தூண்கள் எனப்பட்டவை: வளைவான இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் ரிவெட் அடித்துச் சேர்த்த, உள்ளே கூடான தூண்கள். எடை குறைவு, பலம் அதிகம்.

கட்டிய விதம் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. சாரமே கட்டவில்லை. முதல் கோபுரத்தை ஒரு கம்பமும் கப்பியும் வைத்து நிமிர்த்தினார்கள். அதன் உச்சியில் ஒரு கிரேனை ஏற்றி, அதைக்கொண்டு அடுத்த கோபுரத்தைக் கட்டினார்கள். கட்டிய கோபுரத்துக்குக் கிரேன் நகர்ந்தது. இப்படியே ஒன்றன்பின் ஒன்றாக, 94 வேலை நாட்களில் பள்ளத்தாக்கின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். 1882ல் வேலை முடிந்தபோது நீளம் 2,053 அடி, உயரம் 301 அடி, இரும்பு 1,500 டன்னுக்கு மேல். உலகிலேயே மிக உயரமான ரயில் பாலம் என்ற பெயர் இரண்டு வருடம் அதற்கு இருந்தது. பிறகு பிரான்சின் கராபி பாலம் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது.

ஷனூட்டைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். பாலங்களோடு அவர் நிற்கவில்லை. 1896ல் மிச்சிகன் ஏரிக்கரை மணல்மேடுகளில் மனிதர் பறக்கும் கிளைடர்களைச் சோதித்தவர் அவர். ரயில் பாலங்களுக்குப் பயன்படும் குறுக்குச்சட்ட அமைப்பையே இரட்டை இறக்கைக்கும் கொண்டுவந்தார். ரைட் சகோதரர்களுக்கு யோசனை சொல்லி, கடிதம் எழுதி ஊக்கம் கொடுத்த மூத்தவர் அவர்தான். பாலத்தைத் தாங்கிய சட்டம் விமான இறக்கைக்குப் போன வழி இந்த மனிதர் வழியாகத்தான் போகிறது. காற்றோடு அத்தனை நெருக்கமாக வாழ்ந்தவர் கட்டிய பாலத்தின் முடிவும் காற்றால்தான் வந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் கொஞ்சம் கனக்கிறது.

பாலம் திறந்த நாளிலிருந்தே ஒரு நடுக்கம் இருந்தது. இன்ஜின் ஏறினால் அதிரும். சில சமயம் காற்றுக்கே அதிரும். அதனால் ரயில்கள் மணிக்கு 5 மைலுக்கு மேல் போகக்கூடாது என்று கட்டுப்பாடு. மனிதன் நடக்கும் வேகத்தைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அந்த வேகத்தில் 301 அடி உயரத்தில் ஊர்ந்து போகும் அனுபவத்துக்காகவே பஃபலோ, பிட்ஸ்பர்க் போன்ற தூர நகரங்களிலிருந்து மக்கள் சுற்றுலா ரயிலில் வந்தார்கள். ஆக, வேடிக்கை பார்க்கும் இடமாக இது மாறியது கைவிடப்பட்ட பிறகு அல்ல, சரக்கு ரயில் ஓடிய காலத்திலேயே. பாலத்துக்கு அருகில் ஒரு வங்கிக் கொள்ளைக்காரன் 40,000 டாலர் பெறுமான தங்கமும் பணமும் புதைத்து வைத்தான் என்ற ஊர்க்கதையும் உண்டு.

1900: புதிய உடல், பழைய வேர்

இருபது வருடத்துக்குள் ரயில் இன்ஜின்களின் எடை 85 சதவீதம் போல ஏறிவிட்டது. தேனிரும்புக் கோபுரங்களால் அதைத் தாங்க முடியாது. 1900 மே மாதத்தில் பாலத்தை மூடி, முழுக்க எஃகில் மறுபடி கட்டத் தொடங்கினார்கள். இரண்டு கரைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் வேலை. நீண்ட மரச்சட்டப் பாலம் ஒன்றைக் கோபுரங்களுக்கு மேல் தற்காலிகமாகத் தாங்கவைத்து, நடுவில் உள்ள பழைய கோபுரத்தைப் பிரித்து, அதே இடத்தில் எஃகுக் கோபுரத்தை எழுப்பினார்கள். 100 முதல் 150 பேர், நாளுக்குப் பத்து மணி நேரம். செப்டம்பர் 25ல் பாலம் மீண்டும் திறந்தது. எஃகின் எடை 3,300 டன்னுக்கு மேல். பழையதைப்போல் இரண்டு மடங்கு.

நான்கு மாதத்தில் இப்படி ஒரு வேலையை முடித்தவர்களைக் குறை சொல்வது எளிதல்ல. ஆனால் ஒரு முடிவை மட்டும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். கோபுரக் கால்களைக் கல் மேடைகளோடு பிணைத்த நங்கூர போல்ட்டுகள் 1882ல் பதித்தவை. அவற்றைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பதிக்கவில்லை. பழைய இரும்பு போல்ட்டின் தலையில் ஓர் இணைப்பு வளையத்தைத் திருகி, அதன் வழியாக நீட்டி, புதிய எஃகுக் காலைப் பிடித்தார்கள். அந்த இணைப்பு காலின் அடிப்பாதத்துக்குள் மறைந்துபோனது. மேலே புத்தம்புது எஃகு. தரையைப் பிடித்திருந்ததோ பதினெட்டு வருடப் பழைய இரும்பு.

இது ஏன் முக்கியம்? உயரமான கோபுரத்தைப் பக்கவாட்டில் காற்று தள்ளும்போது, காற்றுக்கு அப்பால் இருக்கும் கால் தரையை அழுத்தும்; காற்று வரும் பக்கத்துக் கால் தரையைவிட்டு எழப்பார்க்கும். அந்தக் காலை எழவிடாமல் பிடித்து வைப்பது கோபுரத்தின் சொந்த எடையும் அந்த போல்ட்டும்தான். மெல்லிய காற்றில் எடையே போதும். பெருங்காற்றில் போல்ட்டுகளின் பலத்தில்தான் பாலம் நிற்கிறது.

காயலான் கடைக்குப் போகாத பாலம்

1959 ஜூன் 21ல் சரக்குப் போக்குவரத்து நின்றது. பக்கத்தில் இருந்த வேறொரு நிறுவனத்தின் பாதையில் தன் ரயில்களை ஓட்டிக்கொள்ள எரீ ரயில்வே ஏற்பாடு செய்துகொண்டதால் இந்தப் பாலம் தேவையில்லாமல் போனது. 76,000 டாலருக்குப் பழைய இரும்பு நிறுவனம் ஒன்றுக்கு விற்றுவிட்டார்கள். அதன் தலைவர் நிக் கோவல்சிக். பிரித்து எடை போட்டு விற்பதுதான் அவர் தொழில்.

அவர் பிரிக்கவில்லை. பாலத்தை நேரில் பார்த்துவிட்டு, இப்படி இன்னொன்று இனி வராது என்று சொன்னதாக ஊரில் பேச்சு. சொன்னாரோ இல்லையோ, செய்தது தெரியும். பாலத்தைக் காக்க நினைத்த உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து நின்றார். 1963 ஆகஸ்டில் ஆளுநர் வில்லியம் ஸ்க்ராண்டன் கையெழுத்திட்ட சட்டத்தின்படி மாநில அரசு பாலத்தையும் சுற்றியுள்ள நிலத்தையும் வாங்கிப் பூங்கா ஆக்கியது. கோவல்சிக்குக்கு இது ஒருமுறை வந்துபோன ஆசையும் அல்ல. பென்சில்வேனியாவிலேயே ஈஸ்ட் பிராட் டாப் என்ற குறுகிய ரயில் பாதையை 1956ல் இதேபோல் வாங்கினார். அதையும் பிரிக்காமல் 1960ல் சுற்றுலா ரயிலாக ஓடவிட்டார். பழைய ரயில் பாதைகளைக் காத்தவர்கள் என்றால் ஆர்வலர் சங்கங்களும் அரசுத் துறைகளும்தான் நினைவுக்கு வரும். பழைய இரும்பு வியாபாரி ஒருவரின் பெயரை அந்த வரிசையின் தொடக்கத்திலேயே வைக்க வேண்டும் என்பேன்.

பூங்கா 1970ல் திறந்தது. 1977ல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் பாலம் சேர்ந்தது. நூறு வயதான 1982ல் அமெரிக்க சிவில் இன்ஜினியர்கள் சங்கம் தேசியப் பொறியியல் சின்னமாக அறிவித்தது. 1987 முதல் நாக்ஸ் அண்ட் கேன் ரயில்வே என்ற சிறு நிறுவனம் கேன் ஊரிலிருந்து அலிகெனி தேசியக் காட்டின் வழியாகச் சுற்றுலா ரயில்களைப் பாலத்துக்குக் கொண்டுவந்தது. மீண்டும் ரயில், மீண்டும் கூட்டம். ஒரு ரயில் பாலத்துக்கு இதைவிடப் பொருத்தமான மறுபயன்பாடு இருக்க முடியுமா? அன்றைக்கு யாரைக் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

2002ல் பொறியாளர்கள் ஏறிப் பார்த்தபோதுதான் நிலைமை தெரிந்தது. சில தூண் பகுதிகளில் துரு எஃகைத் துளைத்து மறுபக்கம் வந்திருந்தது. பலத்த காற்று அடித்தால் பாலமே சாயக்கூடும் என்று அப்போதே எச்சரித்தார்கள். ஜூனில் ரயில்களை நிறுத்தினார்கள். ஆகஸ்டில் நடப்பவர்களுக்கும் மூடினார்கள். அந்த ஓர் உத்தரவு எத்தனை உயிர்களைக் காத்தது என்று கணக்கிட வழியில்லை. மறு வருடம் நடந்ததைப் பார்த்தால், பாலத்தின் வரலாற்றிலேயே இதுதான் மிகச் சரியான முடிவு என்று தோன்றுகிறது.

ஆனாலும் ஒரு கேள்வி உறுத்துகிறது. எஃகைத் துளைக்கும் அளவுக்குத் துரு ஓரிரு வருடத்தில் ஏறாது. பதிவேட்டில் பெயர் சேர்ந்தது, சின்னம் என்ற பட்டம் வந்தது, சுற்றுலா ரயில் வந்தது. அத்தனை வருடமும் துரு தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. சரக்கு ரயில் ஓடுகிறவரை ஒரு பாலத்தைப் பார்த்துக்கொள்ள ரயில் நிறுவனத்துக்கு வருமானமும் கட்டாயமும் இருக்கும். அது பூங்காவின் சொத்தாக மாறிய அன்றே வருமானம் போய்விடுகிறது, ஆனால் 3,300 டன் எஃகு போகவில்லை. மழையும் பனியும் அதற்கு முன்போலவேதான் பெய்கின்றன. பாலத்தை வாங்கும்போதே அதன் பராமரிப்புச் செலவையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம் என்பதைப் பாரம்பரியச் சின்னங்களைக் காக்க நினைக்கும் எல்லோரும் கணக்கில் வைக்க வேண்டும்.

2003 ஜூலை 21

2003 பிப்ரவரியில் ஒஹையோ மாநிலத்தின் டபிள்யூ. எம். புரோடி நிறுவனம் பழுது பார்க்கும் வேலையைத் தொடங்கியது. ஜூலை 21 பிற்பகலில் வேலையாட்கள் சாமான்களைக் கட்டிவைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். இடியும் மழையுமாக வந்த புயலுக்குள் ஒரு டொர்னேடோ, அதாவது தரைவரை இறங்கும் சுழல்காற்று, உருவாகிப் பள்ளத்தாக்கில் இறங்கியது. டொர்னேடோக்களின் பலத்தைச் சொல்லும் அளவுகோலில் அது எஃப்1 வகை, அதாவது கடுமையான வகைகளில் சேராதது. காற்றின் வேகம் மணிக்குக் குறைந்தது 94 மைல், அதாவது 151 கிலோமீட்டர் இருந்திருக்க வேண்டும் என்றும், பாலத்தின் பக்கவாட்டில் சுமார் 90 டன் விசை விழுந்திருக்கும் என்றும் பின்னர் ஆய்வில் கணக்கிட்டார்கள்.

எந்தக் கோபுரம் எந்தத் திசையில் கிடக்கிறது என்பதை வைத்தே விழுந்த வரிசையைச் சொல்ல முடிந்தது. பத்தாவது, பதினோராவது கோபுரங்கள் முதலில் மேற்குப் பக்கமாகச் சாய்ந்தன. அதே சமயம் பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு ஆகிய மூன்றையும் காற்று அடிமேடையிலிருந்து அப்படியே தூக்கி, கொஞ்சம் வடமேற்கே நகர்த்தி, நிமிர்ந்தபடியே கீழே வைத்தது. அந்த மூன்றையும் அப்போது சேர்த்துப் பிடித்திருந்தவை உச்சியில் இருந்த தண்டவாளங்கள் மட்டும்தான். அடுத்து நான்காவது முதல் ஒன்பதாவது வரை ஆறு கோபுரங்கள் கடிகாரம் சுற்றும் திசையில் முறுக்கிக்கொண்டு விழுந்தன. சுழல் வடக்கே நகர்ந்தபோது தெற்கிலிருந்து உள்ளே பாய்ந்த காற்று, பிடிப்பில்லாமல் நின்ற அந்த மூன்றையும் எதிர்த்திசையில் முறுக்கி வடக்கே தள்ளியது. மொத்தம் 11 கோபுரங்கள். முப்பது வினாடிகூட ஆகவில்லை. யாருக்கும் காயமில்லை.

கோபுரங்கள் காற்றிலேயே உடைந்து சிதறவில்லை என்பதை ஆய்வாளர்கள் முக்கியமாகக் கவனித்தார்கள். அவை முழுசாகவே சாய்ந்து, தரையில் மோதிய பிறகுதான் நசுங்கின. அப்படியென்றால் தளர்ந்தது அடியில். பாலம் நான்கைந்து முறை பக்கவாட்டில் ஆடியிருக்க வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்திலும் துருப்பிடித்த அடிப்பிடிப்புகள் இழுபட்டுக் கொடுத்திருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்கள். காலின் பாதத்துக்குள் யார் கண்ணுக்கும் படாமல் 103 வருடம் இருந்த அந்தப் பழைய போல்ட்டும் இணைப்பு வளையமும்தான் அது.

திருப்பிக் கட்டவில்லை

மறுபடி கட்ட முடியுமா என்று மாநில அரசு யோசித்தது. 4.5 கோடி டாலருக்கு மேல் ஆகும் என்ற மதிப்பீடு வந்தது. கைவிட்டார்கள். 2004ல் தேசியப் பதிவேட்டிலிருந்தும் பாலத்தின் பெயரை நீக்கினார்கள்.

அன்றைக்குப் பலருக்கு இது வருத்தமாக இருந்திருக்கும். நான் அந்த முடிவின் பக்கம்தான். அத்தனை பணம் போட்டு எழுப்பியிருந்தாலும் நின்றிருப்பது 21ஆம் நூற்றாண்டின் பாலம், பழையதின் உருவத்தில். 1882ன் கையும் 1900ன் கையும் அதில் இருந்திருக்காது. அதைவிட, விழுந்த கோபுரங்களை விழுந்த இடத்திலேயே விட்டுவிடுவது, அதையே மக்கள் வந்து பார்க்கும்படி செய்வது என்ற தீர்மானம் துணிச்சலானது. இரும்பை அள்ளி விற்றிருந்தால் பள்ளத்தாக்கு சுத்தமாகியிருக்கும். சொல்வதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

ஒரு கரையில் ஆறு கோபுரங்களும் எதிர்க்கரையில் மூன்றும் நின்றன. ஆறு சேர்ந்து நின்ற பக்கத்தைப் பலப்படுத்தி, பழைய தண்டவாளத்தையும் விட்டுவைத்து, நடைபாதை அமைத்தார்கள். நீளம் 600 அடிக்கு மேல். முனையில் எண்கோண வடிவில் ஒரு பார்வை மேடை, அதன் தரையில் கண்ணாடி பதித்திருக்கிறது. கீழே 225 அடி வெறும் பள்ளம். 43 லட்சம் டாலர் செலவில் முடிந்து, 2011 செப்டம்பர் 15ல் ஆகாய நடைபாதை என்ற பொருள்படும் பெயரில் திறந்தது. திரும்பக் கட்டும் மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2016ல் பாலத்தின் பொறியியலை விளக்கும் பார்வையாளர் மையமும் வந்தது.

கைவிட்ட ரயில் பாலங்களை நடைபாதை ஆக்குவதில் இது முதலும் அல்ல. பாரிஸில் பஸ்தீல் நிலையத்துக்குப் போன பாதை 1969ல் மூடி, அதன் செங்கல் வளைவுகளின் மேலே தோட்டமும் கீழே கைவினைக் கடைகளும் வந்தன. மான்செஸ்டரில் காசில்ஃபீல்ட் பாலத்தின் மேல் 2022ல் ஒரு தோட்டம் திறந்தார்கள். அவை நகர நடுவில் இருப்பவை. பாலம் முழுசாக இருந்தது, தினமும் நடந்துபோக ஆள் இருந்தார்கள். கின்ஸுவாவுக்கு இந்த வசதி எதுவும் இல்லை. காட்டுக்கு நடுவே, எங்கேயும் கொண்டுசேர்க்காத அரைப் பாலம். அந்தக் குறையையே வருகிறவர்கள் பார்க்க வேண்டிய விஷயமாக வைத்ததுதான் இங்கே நடந்த நல்ல வேலை.

எல்லோருக்கும் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல முடியாது. பாலத்தை நம்பி ஓடிய நாக்ஸ் அண்ட் கேன் ரயிலுக்குப் பயணிகள் குறைந்துபோய் 2006ல் நிறுத்திவிட்டார்கள். 2008ல் யாரோ வைத்த தீயில் அதன் இன்ஜின் கொட்டகை எரிந்தது. அதே வருடம் அந்த ரயில்வேயின் தண்டவாளமும் மற்ற சொத்துகளும் ஏலத்துக்கு வந்தன. ஏலத்தில் எடுத்தது, ஒரு காலத்தில் பாலத்தை வைத்திருந்த அதே கோவல்சிக் நிறுவனம். ரயில் ஓடிய வழி இப்போது சைக்கிளும் நடையுமாகப் போகிற பாதையாகி, காட்டுக்குள்ளிருந்து பூங்காவுக்கு வந்து சேர்கிறது.

அப்படி வருகிறவர்கள் தண்டவாளத்தின் ஓரமாகவே நடந்து ஆறு கோபுரங்களையும் கடந்து கண்ணாடித் தரை வரைக்கும் போகலாம். அங்கிருந்து பார்த்தால் கீழே பச்சைக்கு நடுவே துருநிறத்தில் முறுக்கிக் கிடக்கும் கோபுரங்கள் எந்தப் பக்கம் சாய்ந்தன என்பது நன்றாகத் தெரியும். எதிர்க்கரையில் மற்ற மூன்றும் நிற்கின்றன. அங்கே நடைபாதை எதுவும் போடவில்லை.